மணலும் கரியும்

கதிரவனின் ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பது இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. கண்டி மாநகரிலே, பேராதனைப் பக்கத்திலும் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலும், மாடி வீடுகளின் மேல் கருநீலப் பலகைகள் வெயிலை நோக்கிச் சாய்ந்து கிடப்பதை வீதியிற் செல்வோர் காண்கின்றனர். ஆனால் அந்நகரை விட்டுச் சில மைல் தூரம் மலையேறிச் சென்றால் காட்சி வேறு. தேயிலைச் சரிவுகளின் நடுவே வரிசை வரிசையாக லயன்கள். அவற்றின் கூரை துருப்பிடித்த தகரம். தகரத்தைத் தாங்கும் மரமோ தகரத்திலும் பழையது. காற்றுக்குப் பறந்துவிடாமல் இருக்க அத்தகரத்தின் மேல் கல்லைத் தூக்கி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு.

வீட்டுக் கூரையில் ஏற்றும் சூரியப் பலகை ஒன்று ஏறக்குறைய 20 கிலோகிராம் நிறையுடையது. நான்கைந்து பலகைகளும் அவற்றைப் பிடிக்கும் சட்டங்களும் சேர்ந்தால் ஒரு மூடை அரிசியின் பாரத்தையும் மிஞ்சும். மாடி வீடு தாங்கும். லயன் கூரை தாங்குமா? வெயில் பணக்காரன் வீட்டிலும் ஏழை வீட்டிலும் ஒன்றாகவே விழுகின்றது. அதைப் பிடிக்கும் கருவி மட்டும் வலிய கூரையைத் தேடிச் செல்கின்றது. இந்த நியாயமின்மைக்கு விஞ்ஞானத்தில் மாற்று உண்டா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அப்பலகையின் பாரம் எங்கிருந்து வருகின்றது என்று பார்க்க வேண்டும். ஒளியை மின்சாரமாக மாற்றும் பொருள் சிலிக்கன். அது மணலில் உள்ள மூலகம். பலகைக்குள் இருக்கும் சிலிக்கன் தகடு ஏறத்தாழ 0.15 மில்லிமீற்றர் தடிப்பே உடையது, நிறையிற் சொற்பம். பாரத்தின் பெரும்பகுதி அதற்கு மேலே மூடிய கண்ணாடியிலும் சுற்றிப் பிடித்த அலுமினியச் சட்டத்திலும் இருக்கின்றது. ஏன் இந்தக் கவசம்? சிலிக்கன் அப்பளம் போல நொறுங்கும் பொருள். வளைத்தால் உடையும்; கல் பட்டால் சிதறும்; ஈரம் புகுந்தால் அதன் மின்கம்பிகள் கெடும். ஆகவே, சிலிக்கனை உடையாமல் வளையச் செய்து, அதை மெல்லிய நெகிழ்பொருளால் மூட வழி கண்டுவிட்டால், கண்ணாடியின் தேவை குறையும். கண்ணாடி குறைந்தால் பாரம் குறையும்.

நொறுங்கும் பொருளை வளைப்பது எப்படி? மலையகத்துக் கூடை முடைவோரைக் கேட்டால் விடை கிடைக்கும். முற்றிய மூங்கிற் கழியை வளைத்தால் முறியும். அதே மூங்கிலை மெல்லிய பாளமாகச் சீவி எடுத்தால், கொழுந்துக் கூடையாக எப்படி வேண்டுமானாலும் வளைந்து கொடுக்கும். பொருள் மாறவில்லை; தடிப்பு மாறியது. ஒரு தகட்டை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் இழுபடுகின்றது, உட்புறம் நெருக்கப்படுகின்றது. தடிப்புப் பாதியானால் அந்த இழுவையும் பாதியாகும். சிலிக்கனுக்கும் இதே விதிதான். 2023ஆம் ஆண்டிற் சீன நாட்டு ஆய்வாளர், ஏறக்குறைய 60 மைக்குரோமீற்றர் தடிப்புள்ள சிலிக்கன் தகட்டின் விளிம்புகளிலுள்ள கூர்மையை மழுக்கி, அதைத் தாள் போல மடங்கச் செய்து, விழும் ஒளியில் நூற்றுக்கு 24 பங்குக்கு மேல் மின்சாரமாக மாற்றிக் காட்டினர். விரிசல் விளிம்பிலே தொடங்குகின்றது என்று கண்டு, விளிம்பையே திருத்தியது அவர்கள் செய்த நுட்பம்.

ஆயினும் தகடு வளைந்தால் மட்டும் போதாது. அதன் மேலுள்ள மின்வாயும் வளைய வேண்டும். இங்கேதான் கரி வருகின்றது.

சிலிக்கன் கலம் எவ்வாறு வேலை செய்கின்றது என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஒளி சிலிக்கனில் விழும்போது அங்குள்ள இலத்திரன் ஒன்று தன் இடத்தை விட்டு எழுகின்றது. அது விட்டுச் சென்ற வெற்றிடத்தைத் துளை என்பர். இலத்திரனும் துளையும் விட்டால் மறுபடி ஒன்றுசேர்ந்துவிடும். சேர்ந்தால் மின்சாரம் இல்லை, வெறும் சூடுதான். அவற்றைப் பிரித்து, ஒன்றை ஒரு வழியாகவும் மற்றையதை மறு வழியாகவும் அனுப்புவதற்கு ஒரு சந்தி வேண்டும். தெருச்சந்தியிலே பொலிசுக்காரர் நின்று வண்டிகளை இருபுறமும் பிரித்து அனுப்புவது போன்ற வேலை அது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1954ஆம் ஆண்டு சாப்பின், புல்லர், பியர்சன் என்ற மூவர் நடைமுறைக்கு ஏற்ற முதலாவது சிலிக்கன் கலத்தைச் செய்தபோது, அதன் திறன் ஏறக்குறைய நூற்றுக்கு 6. இன்று சந்தையில் உள்ள பலகைகள் நூற்றுக்கு 20க்கு மேல் தருகின்றன. ஆனால் அச்சந்தியை உண்டாக்கச் சிலிக்கனைப் பெருஞ்சூட்டில், 800 பாகை அளவில், உலையில் வைத்துப் பொசுபரசு அல்லது போரன் அணுக்களை உட்புகுத்துகின்றார்கள். மேலே மின்சாரத்தைச் சேகரிக்க வெள்ளிக் கம்பிகளைப் பதிக்கின்றார்கள். வளையும் மெல்லிய தகட்டுக்கு இந்தச் சூடும் ஆகாது. அந்தக் கம்பிகளும் வளைவில் நெடுநாள் நில்லா.

கரியின் உருவங்கள் பல. வைரமும் கரி, பென்சிலின் உள்ளீடாகிய காரீயமும் கரி. காரீயம் என்பது காபன் அணுக்கள் தேன்கூட்டு அறைகள் போல அறுகோணமாகக் கோத்த தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதாகும். அத்தகைய தாள் ஒன்றைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டியதாக எண்ணிக்கொண்டால், அதுவே காபன் நனோகுழாய். யப்பானிய அறிஞர் சுமியோ இயிசிமா 1991ஆம் ஆண்டில் இத்தகைய குழாய்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கண்டு உலகுக்கு விளக்கினார். ஒற்றைச் சுவருடைய குழாயின் குறுக்களவு ஒன்றிரண்டு நனோமீற்றர். தலைமயிரின் தடிப்பிற் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. இழுவைக்கு உருக்கினும் வலியது. மின்சாரத்தை நன்கு கடத்துவது. வளைத்தால் வளைந்து, விட்டால் நிமிர்வது. இக்குழாய்களைச் சிலந்தி வலை போல மெல்லிய படலமாக விரித்தால், ஒளியின் பெரும்பகுதி ஊடே சென்றுவிடும். மின்சாரம் வலையின் இழை வழியே ஓடும்.

இந்த வலையைச் சிலிக்கன் தகட்டின் மேல் போர்த்தினால் என்னவாகும்? ஒளியை விழுங்குவது பெரும்பாலும் சிலிக்கன். பிரிக்கும் சந்தி, சிலிக்கனும் நனோகுழாயும் தொடும் இடத்தில் தானாகவே அமைகின்றது. துளைகள் குழாய் வலைக்குள் ஏறி வெளியேறுகின்றன. இலத்திரன்கள் சிலிக்கனின் பின்புறமாகச் செல்கின்றன. இவ்வாறு அந்த மெல்லிய கரிவலை சந்தியாகவும், ஒளி புகும் சன்னலாகவும், மின்சாரத்தைச் சேகரிக்கும் மின்வாயாகவும் மூன்று வேலைகளை ஒருங்கே செய்கின்றது. உலையின் பெருஞ்சூடு தேவையில்லை. சாதாரண வெப்பநிலையிலேயே படலத்தை ஒட்டிவிடலாம். வேறுபட்ட இரு பொருள்கள் கூடிப் பிறப்பதாலே இதற்குக் கலப்புக் கலம் என்று பெயர்.

இக்கலத்தின் வளர்ச்சி வியப்புக்குரியது. 2007ஆம் ஆண்டிற் பீக்கிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்தார் இதை முதலிற் செய்தபோது, நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டியது அதன் திறன். நான்கு ஆண்டுகளில், குழாய் வலையை நைத்திரிக்கமிலத்தால் நனைத்து, நூற்றுக்கு 13.8 வரை உயர்த்தினர். 2015ஆம் ஆண்டில் யப்பானின் கியோத்தோப் பல்கலைக்கழகத்தார், வலையின் மேல் உலோக ஒட்சைட்டுப் படலம் பூசி, 17ஐ எட்டினர். எட்டு ஆண்டுகளில் ஒன்றிலிருந்து பதினேழு. உருசியாவிலும் பின்லாந்திலும் உள்ள ஆய்வாளர், பளிங்குருவற்ற மெல்லிய சிலிக்கனோடு நனோகுழாயைச் சேர்த்து நெகிழும் கலங்களைச் செய்ய முயன்றுள்ளனர். பளிங்குருவற்ற சிலிக்கன் ஒரு மைக்குரோமீற்றருக்கும் குறைந்த தடிப்பிலேயே ஒளியை நன்கு விழுங்கவல்லது. பிளாத்திக்குத் தாளின் மேலும் படிய வைக்கலாம். அதன் குறை, வெயில்பட்ட முதல் மாதங்களிலே திறன் ஓரளவு தேய்வதாகும்.

இவ்வளவும் கேட்ட நேயர்கள், இது எப்பொழுது கடைக்கு வரும் என்று வினவுவர். நேர்மையான விடை, இன்னும் வரவில்லை என்பதே. தடைகள் மூன்று. முதலாவது, இப்பெருந்திறன்கள் யாவும் விரல்நகத்தினும் சிறிய கலங்களில் எடுத்த அளவைகள். கலம் பெரிதாகும்போது கரிவலையின் மின்தடை கூடித் திறன் குறைகின்றது. இரண்டாவது, வலையை நனைத்த அமிலம் காற்றிலே மெல்ல ஆவியாகிவிடுகின்றது. அதனோடு திறனும் செல்கின்றது. கண்ணாடிப் பலகை 25 ஆண்டு உழைக்கின்றது. கண்டியின் மழையும் பனியும் புழுக்கமும் ஒரு நெகிழ்தாளை எத்தனை ஆண்டு விட்டுவைக்கும் என்பது பார்த்தறிய வேண்டியது. மூன்றாவது, குழாய்களை ஒரே தரமாக வளர்ப்பதும், உலோக இயல்புடையவற்றைக் குறைகடத்திகளினின்று பிரிப்பதும் செலவு மிக்க வேலை. அவற்றைத் தூளாகக் கையாளும் தொழிலாளியின் நுரையீரலையும் மறத்தலாகாது. ஒருவகைப் பலசுவர்க் குழாயைப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியதாயிருக்கலாம் என்று உலக சுகாதாரத் தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2014ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது.

இவையெல்லாம் தூரதேசத்துச் செய்திகள். கண்டிக்கு இதில் என்ன பங்கு என்று சிலர் எண்ணலாம். பங்கு உண்டு, அதுவும் சிறியதன்று.

கண்டி நகருக்குத் தெற்கே எழும் ஹந்தானை மலையின் சாரலிலே அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கின்றது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே தோன்றிய நிறுவனம் அது. அங்கே பேராசிரியர் கீர்த்தி தென்னகோன் என்ற பௌதிக அறிஞர் தம் மாணவரோடு சூரியக் கலங்களை ஆராய்ந்தார். 1991ஆம் ஆண்டிற் சுவிற்சர்லாந்திலே ஓறீகனும் கிறெற்செலும், தைத்தேனியம் ஈரொட்சைட்டின் நுண்துகள்களுக்குச் சாயம் தோய்த்து, மலிவான ஒரு கலத்தைச் செய்திருந்தனர். இலையிலே பச்சையம் செய்யும் வேலையை அங்கே சாயம் செய்தது. ஆனால் அக்கலத்தினுள் ஒரு திரவம் இருந்தது. திரவம் கசியும், ஆவியாகும். வெப்ப நாட்டிலே அது பெருங்குறை. ஹந்தானையிலே தென்னகோன் குழுவினர் அந்தத் திரவத்தை அகற்றி, செப்பு அயடைட்டு என்னும் திண்மத்தை அவ்விடத்தில் வைத்தனர். 1995ஆம் ஆண்டில் அவ்வாய்வு வெளிவந்தது. அக்காலத்தில் அவர்கள் தோய்த்துப் பார்த்த சாயங்களுள் ஒன்று சயனிடின். செவ்வரத்தம் பூவுக்குச் சிவப்பைத் தரும் சாயவகை அது. வீட்டு வேலியிலே பூத்துக் கிடக்கும் வண்ணம் மின்சாரம் தரக்கூடும் என்று கண்டிமலையில் இருந்துகொண்டு உலகத்துக்குக் காட்டினர்.

அப்பூவின் சாயம் தந்த மின்சாரம் மிகச் சிறிது. வெயிலில் நிறமும் வெளிறியது. ஆனால் திரவத்துக்குப் பதில் திண்மம் என்ற எண்ணம் வாடவில்லை. பெரோவ்சுகைற்று என்னும் புதுவகைக் கலங்கள் 2012ஆம் ஆண்டு முதல் உலகைக் கவர்ந்ததற்கு ஒரு காரணம், அவற்றிலும் திரவத்தை நீக்கித் துளைகடத்தும் திண்மத்தை இட்டமையே. பெருஞ்செலவான கருவிகள் இல்லாத இடத்தில், தம் நாட்டு வெப்பத்துக்கு ஏற்ற கேள்வியைக் கேட்டதே கண்டி ஆய்வாளரின் வலிமை.

இவ்வழியில் வேறு பலரும் நடந்துள்ளனர். பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் ஹந்தானையிலும் பேராசிரியர் லக்சுமன் திசாநாயக்க, கசியாத கூழ்நிலை மின்பகுபொருள்களை ஆராய்ந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியற்றுறையிலே பேராசிரியர் பு. இரவிராசன், தைத்தேனியம் ஈரொட்சைட்டையும் கடத்தும் பல்பகுதியத்தையும் இணைத்த கலப்புச் சூரியக் கலங்களை ஆராய்ந்து, தமிழ் மாணவர் பலரை அத்துறையிற் புகுத்தியுள்ளார். இலங்கையிற் பிறந்த பேராசிரியர் ரவி சில்வா, இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகத்திற் காபன் நனோகுழாய்களையும் நெகிழும் சூரியக் கலங்களையும் ஆராயும் பெருங்கூடத்தை நடத்திப் புகழ்பெற்றவர். சிங்களவரும் தமிழரும், உள்நாட்டிலும் வெளிநாட்டிலும், ஒரே வெயிலைப் பற்றிய ஒரே கேள்விக்கு விடை தேடியிருக்கின்றனர்.

இன்னொரு பங்கு மண்ணுக்குள் இருக்கின்றது. கண்டி மாவட்டத்துக்கு மேற்கே கேகாலை மாவட்டத்திற் போகலையிலும், வடமேற்கே குருநாகல் மாவட்டத்திற் கஹட்டகஹவிலும் காரீயச் சுரங்கங்கள் உள்ளன. பாறை வெடிப்புகளில் நரம்பு போல ஓடும் இவ்வகைக் காரீயத்தை வாணிக அளவில் எடுக்கும் நாடு இலங்கையே. அதன் தூய்மை நூற்றுக்கு 95ஐயும் தாண்டும். முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஆண்டொன்றுக்கு 30,000 தொன்னுக்கு மேல் கப்பலேறியது. அன்று அது பெரும்பாலும் உலோகம் உருக்கும் மூசைகளுக்குப் போயிற்று. இன்றும் பெரும்பகுதி மூலப்பொருளாகவே செல்கின்றது. பன்மடங்கு விலையுள்ள பொருளாகித் திரும்பி வருகின்றது.

இங்கு ஒரு தெளிவு வேண்டும். காரீயச் சுரங்கம் இருப்பதால் நனோகுழாய் தானாக வந்துவிடாது. காரீயக் கோல்களுக்கிடையே மின்வில்லை எரித்துக் குழாய் செய்யும் முறை உண்டு. எனினும் இன்று பெரும்பாலான குழாய்களை ஐதரோகாபன் வாயுக்களிலிருந்தே வளர்க்கின்றனர். ஆனால் காரீயத்துக்கு வேறு வேலை உண்டு. பகலிற் பிடித்த வெயிலை இரவுக்குச் சேமிக்கும் லிதியம் மின்கலத்தின் ஒரு மின்வாய் காரீயத்தாலானது. இலங்கைக் காரீயத்தை அதற்குப் பதப்படுத்தும் ஆய்வும் ஹந்தானையிலே நடந்திருக்கின்றது. மணலிலிருந்து வந்த சிலிக்கன் கூரையிலும், மலையிலிருந்து வந்த கரி அறையிலும் இருந்து ஒரு குடும்பத்துக்கு விளக்கேற்றும் நாள் கற்பனைக்கு எட்டாததன்று.

எவ்வளவு மின்சாரம் வேண்டும்? நண்பகற் கதிரவன் ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஏறக்குறைய 1,000 உவாற்று வலுவைப் பொழிகின்றான். நெகிழும் கலம் நூற்றுக்குப் பத்தே பிடித்தாலும் 100 உவாற்று. தலைக்கு மேலே இரண்டு மூன்று சதுர மீற்றர் மெல்லிய தாளை விரித்தால், நாலைந்து விளக்குகளுக்கும், வானொலிப் பெட்டிக்கும், தொலைபேசிக்கும் அது போதும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமல், நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நாடெங்கும் மின்சாரம் நின்றது. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்த பிள்ளைகள் மெழுகுதிரி வெளிச்சத்திலே படித்தனர். மெழுகுதிரியின் விலையும் ஏறிற்று. அந்நாட்களில், இரண்டு சதுர மீற்றர் வெயில் ஒரு பிள்ளையின் படிப்பைக் காத்திருக்கும்.

ஆகவே, நெகிழும் கலம் வரும்வரை கைகட்டி இருத்தல் தகாது. இன்றுள்ள கண்ணாடிப் பலகையையே, லயன் கூரையில் ஏற்ற முடியாவிடின், தோட்டப் பாடசாலையின் உறுதியான கட்டடத்திலோ, வெறுமையான மேட்டு நிலத்திலோ பொதுவில் நிறுத்திப் பல வீடுகளுக்குப் பங்கிடலாம். அது பொறியியல் வேலை; மனமிருந்தால் நடக்கும். புதிய கலத்தைப் பற்றிய ஆய்வோ நெடுங்கால வேலை. அதற்கு வேண்டிய முதற்பொருள் சிலிக்கனுமன்று, கரியுமன்று. பௌதிகமும் இரசாயனமும் கற்ற பிள்ளைகள். மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் கற்பிக்க ஆசிரியர் இன்றி, திறமையுள்ள மாணவர் வேறு பாடங்களுக்குத் திரும்பிவிடும் நிலை நெடுங்காலக் குறை. ஹந்தானை நிறுவனத்தின் வாசலுக்கும் அதே மலைத்தொடரிலுள்ள தேயிலைத் தோட்டத்தின் வாசலுக்கும் தூரம் சில மைல்களே. ஆயினும் ஒன்றிலிருந்து மற்றையதற்குச் சென்றடையும் பிள்ளைகள் மிகச் சிலர். இந்தத் தூரத்தைக் குறைப்பது கலத்தின் திறனைக் கூட்டுவதினும் கடினமானதா என்று பெற்றோரும் அதிகாரிகளும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

செவ்வரத்தம் பூவின் சாயத்தை ஒருவர் ஒளிக்கு வைத்துப் பார்த்ததற்குக் காரணம், அவருக்குக் கேள்வி கேட்கத் தெரிந்திருந்தது. தகரக் கூரையின் கீழ் வாழும் பிள்ளைக்குத் தகரக் கூரையைப் பற்றிய கேள்வி பிறரினும் நன்றாகத் தெரியும். எவ்வளவு பாரம் தாங்கும், எந்தக் காற்றில் பறக்கும், எந்த மாதத்தில் ஒழுகும் என்பதெல்லாம் அப்பிள்ளை அனுபவத்தில் அறிந்தவை. அந்த அறிவோடு பௌதிகமும் சேருமாயின், வளையும் கலத்தை லயன் கூரையில் விரிப்பவர் அந்த லயனிலிருந்தே வருவர். மணலும் கரியும் அதுவரை காத்திருக்கும். பிள்ளைகளின் பருவம் காத்திராது.